இலங்கை மட்டும் வேண்டாம்

“தென் தாய்லாந்தைப் பற்றி எழுதுங்கோ. பிலிப்பைன்ஸைப் பற்றி எழுதுங்கோ. ஆப்பிரிக்காவுக்கு வேணுமெண்டாலும் போங்கோ, காசு தாறன். இலங்கை மட்டும் வேண்டாம், பிள்ளை.”

துரைசிங்கம் சிரித்த முகமாகத்தான் சொன்னார். அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த அவர் வீட்டுக்கே தேடி வந்திருந்தாள். அவர் செம்பனை எண்ணெய் ஆலை முதலாளி. அவருடைய அறக்கட்டளைப் பணத்தில்தான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சமாதான ஆய்வுப் பிரிவே ஓடுகிறது. கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். குடைந்து குடைந்து கேள்வி கேட்க மாட்டார். ஆனால் இலங்கைப் போரில் காணாமல் போனவர்களைப் பற்றிய ஆய்வு என்றால் மட்டும் கையை விரித்துவிடுவார்.

“கொழும்புல பிஸ்னஸ் இருக்கும் லா, அந்த பயம்தான்” என்று கூட வேலை செய்யும் சத்தியசீலன் சொல்லியிருந்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பணக்காரர்களுக்குச் சமாதானத்தின்மேல் ஆசைதான், தங்கள் பிழைப்பைத் தொடாத தூரத்தில் சண்டை நடக்கும்வரை.

“சார், நான் உலு யாம் தோட்டத்து லயத்துல பொறந்தவ. எனக்கு இலங்கையில ஒரு சொந்தமும் இல்ல. உங்க முன்னோருங்க யாழ்ப்பாணத்துலேருந்து வந்தவங்க. நீங்கதானே சார் முதல்ல கேட்கணும்?”

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பிள்ளை இருக்கா இல்லையான்னு தெரியாம அங்க எத்தனை அம்மாமாருங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்க தெரியுமா சார்? அவங்களுக்குப் பதில் வேணாமா?”

சமாதானத்துக்குப் பணம் கேட்க வந்தவள் சண்டைக்கு நிற்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

“உங்களைப் பத்தி வெளிய என்ன பேசுறாங்கன்னு தெரியுமா? துரைசிங்கம் சாருக்கு ஊருக்கெல்லாம் நியாயம் வேணும், சொந்த ரத்தத்துக்கு மட்டும் வேணாம்னு.”

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி அன்னபாக்கியம் தேத்தண்ணீரோடு வந்தார். “வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள், குடியுங்கோ பிள்ளை” என்று வாஞ்சையாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

துரைசிங்கம் எழுந்தார். “வெளிய வாங்கோ.”

கார் நிறுத்தியிருந்த இடம்வரை நடந்தார். ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“எங்களுக்கு ஒரே மகன். குகன். டாக்டருக்குப் படிச்சவன். கடைசிச் சண்டை நேரம், காயம்பட்ட சனத்துக்கு வைத்தியம் பார்க்கிறன் எண்டு இலங்கைக்குப் போனவன். வரேல்லை.”

அன்பரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார்... தேடிப் பார்த்தீங்களா?”

“தேட என்ன இருக்கு? அவனைத் தன்ர கையால புதைச்ச பொடியன் பிறகு கோலாலம்பூருக்கு வந்தவன். என்னைக் கண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்.” வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியாது.”

“ஆன்ட்டிகிட்ட சொல்லவே இல்லையா?”

“எப்பிடிச் சொல்ல? பிறந்த நாள் தவறாம அவன்ர பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யிறா. உயிரோட இருக்கிற பிள்ளைக்குத்தானே அர்ச்சனை? பக்கத்தில நிண்டு நானும் கும்பிடுறன்.”

“பேர் போடாம எழுதலாம் சார்.”

“அவன் வேலை செய்த அந்த ஆஸ்பத்திரி, அந்த நாள் அறிக்கையில வந்தாலே போதும், அவவுக்கு விளங்கிப்போடும். நீங்கள் அனுப்பிற அறிக்கை எல்லாத்தையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து வாசிக்கிறவ. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இது வரக்கூடாது எண்டுதான் காசு தாறன். ஆனா என்ர வீட்டுக்குள்ள அந்தச் செய்தியை நானே காசு குடுத்துக் கொண்டு வரவோ?”

அன்பரசியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் குத்தியது.

“மன்னிச்சிடுங்க சார். இனிமே கேட்க மாட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆலையிலிருந்து போன் வந்தது. ஏதோ லோரி பழுதாம். பேசிக்கொண்டே வாசல் கேட்டுப் பக்கம் போனார்.

அன்பரசி காரில் ஏறப் போனபோது அன்னபாக்கியம் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு வந்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இலங்கை விசயமாத்தானே வந்தனீங்கள்?”

“ஆமா ஆன்ட்டி. சார் வேணாம்னுட்டாரு. நானும் விட்டுட்டேன்.”

“நல்லது பிள்ளை.” அன்னபாக்கியம் கேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்கட குகன் இல்லை. அவனோட வேலை செய்த நேர்ஸ் பிள்ளை அப்பவே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. இவர் அண்டைக்கு ஆலைக்குப் போயிருந்தவர்.”

அன்பரசி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அந்த அர்ச்சனை, ஆன்ட்டி?”

“அது இவருக்காக. நான் தனியக் கோயிலுக்குப் போற நாளில பிள்ளைக்கு மோட்ச விளக்கு ஏத்திப்போட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வாறனான்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மகன் வருவான் எண்டு நம்பிக்கொண்டிருக்கிற மனுசன், பிள்ளை. அவர் கண்ணை மூடுமட்டும் அந்த ஆய்வைச் செய்யாதேங்கோ.”