யார் கொடுப்பார்கள்

“அம்மா, எதிரியோட அட்டையும் இதுல சேருமா?” மகள் ஏழு வயதில் கேட்டாள். “சேரும். ஆனா யாரு கொடுப்பா?” என்று எஸ்தர் சிரித்தாள். யார் செய்த மின்சுற்று அட்டையும் யாருடைய ராணுவ வானொலிப் பெட்டியிலும் பொருந்த வேண்டுமென்று பொது அளவு வகுத்த குழுவில் அவளும் ஒருத்தி. எதிரி நாடு உட்படப் பல நாடுகள் அந்த அளவை ஏற்றிருந்தன.

பல வருடங்கள் கழித்து, போர்முனையிலிருந்து ஹவில்தார் மாதப்பன் அவள் பணிமனைக்குக் கொண்டுவந்த வானொலிப் பெட்டியைத் திறந்ததும் அவள் கை நின்றது. உள்ளிருந்த மின்சுற்று அட்டையில் எதிரி நாட்டு எழுத்து. “இது எப்படி உள்ள வந்துச்சு?”

“எங்க அட்டை கருகிடுச்சு மேடம். ஆறு பேருக்கு அடி, ஹெலிகாப்டரக் கூப்பிட வழியில்ல. ஓடைக்கு அந்தப் பக்கம் அவங்க ஆள் ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தான். துப்பாக்கிய வெச்சுட்டு வந்து, அவன் வயர்லெஸ் செட்டுலேர்ந்து அட்டைய உருவிக் கொடுத்துட்டுப் போயிட்டான். ஆறு பேரும் பொழச்சுட்டாங்க.”

“அப்போ அவன் செட்டு?”

மாதப்பன் தொப்பியைக் கழற்றினார். “அத நாங்க யாரும் யோசிக்கல மேடம்.”

போர் நின்றதும், களத்தில் கிடைத்த எதிரிப் பொருட்கள் திருப்பி அனுப்புமுன் அவள் மேசைக்குச் சோதனைக்கு வந்தன. மூன்றாவது வானொலிப் பெட்டியில் மின்சுற்று அட்டையின் இடம் காலி. பெட்டியின் எண்ணும், மாதப்பனின் பெட்டியிலிருந்து கழற்றி அவள் இழுப்பறையில் வைத்திருந்த அட்டையின் எண்ணும் ஒன்று. உரியவன் உயிரோடு இருக்கிறானா என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எஸ்தர் கண்மூடி ஜெபித்துவிட்டு அட்டையை அதன் இடத்தில் அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அணைக்க மனம் வராமல் அப்படியே மூடியைத் திருகினாள்.