பீங்கான் கப்பி

கிணற்றடியில் கம்பெனி ஆபீசரும் மாயவனும் வந்து நிற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக் கனகா வந்து சொன்னதும் நீலாவதி போட்டது போட்டபடி எழுந்து போனாள்.

ஆபீசர் வந்ததுகூடப் பரவாயில்லை. மாயவன் வந்ததுதான் வில்லங்கம்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்து நல்லது, கழிவு என்று பிரிக்கிறவர் மாயவன். கழிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அந்தத் தெருவில் கோணல் ஜாடியில் உப்புக் கொட்டி வைக்காத வீடே கிடையாது. ஆனால் நல்ல சரக்கு ஒன்று கேட்டைத் தாண்டினால் வேலை போய்விடும். போன வருஷம் சாமிக்கண்ணுவுக்குப் போனது, ஒரு ஊறுகாய் ஜாடிக்காக. "நல்ல சரக்குதான்" என்று மாயவன் சொன்ன ஒரே சொல்லில் அந்தக் குடும்பம் சேத்தியாத்தோப்புப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் தெருவில் யாரும் மாயவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த மாயவன்தான் இப்போது கிணற்றின் கப்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டு கம்பத்தில் கம்பி கட்டுகிற பீங்கான் உருளை அது. நடுவில் துளை, சுற்றிலும் பள்ளம். துளையில் இரும்புக் கம்பியைச் செருகி, பள்ளத்தில் கயிற்றை விட்டு, நீலாவதியின் புருஷன், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் விருத்தகிரி மாட்டியது. மாட்டிப் பத்து நாள் ஆகிறது. பொறுக்காத புண்ணியவான் யாரோ கம்பெனியில் போய் வத்தி வைத்துவிட்டார்.

ஆபீசர் மெட்ராஸிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை, வேலைக்குப் புதுசு. இதை யார் கொண்டுவந்தது, எதற்கு என்று கேட்டார்.

நீலாவதி மறைக்கவில்லை. அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழைய இரும்புக் கப்பி துருப்பிடித்துக் கிணற்றுக்குள்ளேயே விழுந்து வருஷம் இரண்டாகிறது. வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால் இதோ அதோ என்கிறார்.

"கழிவுதான் சார். எங்க வூட்டுக்காரரே சொன்னாரு. கழிவு எல்லாரும் எடுத்தாறதுதானே?"

ஆபீசர் மாயவனைப் பார்த்தார். மாயவனோ அது காதில் விழாதவர் மாதிரி, முன்னே எப்படித் தண்ணீர் சேந்தினீர்கள் என்று விசாரித்தார்.

அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் அறுபது வயது தனக்கோடி முன்னால் வந்தாள். சுவரில் இரண்டு முழங்காலையும் முட்டுக்கொடுத்து, பாதி உடம்பைக் கிணற்றுக்குள் நீட்டி, வெறுங்கையால் கயிற்றை இழுத்துக் காட்டினாள். ஒரு வாளி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மூச்சு வாங்கி முடித்துவிட்டுக் கப்பியில் சேந்தினாள். நிமிர்ந்து நின்று கயிற்றைக் கீழே இழுக்க இழுக்க, வாளி சமத்தாக மேலே வந்தது.

"எடை அதே எடைதான் சார். அப்ப நான் தண்ணியத் தூக்கணும். இப்ப கயித்தப் புடிச்சித் தொங்குனா போதும், என் ஒடம்பு கனமே தண்ணியத் தூக்கிடுது."

ஆபீசருக்கே ஆசை வந்து தானும் ஒரு வாளி இழுத்துப் பார்த்தார். சுலபமாக இருந்ததில் சிரிப்பும் வந்தது. அப்புறம் வந்த வேலை ஞாபகம் வந்து முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, நல்லதா கழிவா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும்படி மாயவனிடம் சொன்னார்.

மாயவன் சுவரேறி உருளையைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். திருப்பி வைத்து இன்னொரு தரம் தட்டினார். அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று நீலாவதிக்கு எங்கே தெரியும்? பழமலைநாதா, என் புருஷன் வேலையைக் காப்பாற்று என்று மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள்.

"விரிசல் சார்," என்றார் மாயவன். "உள்ளுக்குள்ள ஓடியிருக்குது, கண்ணுக்குத் தெரியாது. கழிவுதான்."

ஆபீசர் நிம்மதியாக ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மாயவன் உருளையைத் தன் கையாலேயே திரும்ப மாட்டி, கயிற்றைப் பள்ளத்தில் விட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆபீசர் பின்னாலேயே போனார்.

"கழிவக் கழிவுன்னு சொல்ல இம்மாம் நேரம் பண்றான் பாரு," என்று தனக்கோடி அவர் முதுகைப் பார்த்து முணுமுணுத்தாள். நீலாவதிக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் வேலை முடிந்து விருத்தகிரி வந்ததும், டீயைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நல்ல வேளைங்க, கழிவாப் பாத்து எடுத்தாந்தீங்க. ஆனா உள்ள விரிசல் ஓடியிருக்குதாமே, ஒடைஞ்சி கிடைஞ்சி போச்சுன்னா?"

விருத்தகிரி டம்ளரைக் கீழே வைத்தான்.

"விரிசல்னா சொன்னாரு?"

"ஆமா. ரெண்டு வாட்டி தட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு."

எழுந்து, வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கழிவ மாட்டுனா நீ இழுக்கற நேரத்துல ஒடைஞ்சி தலையில வுழுமேன்னு நல்லதாத்தான் எடுத்தேன் நீலா. ஒங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்குவேன்னு கழிவுன்னு சொல்லிட்டேன். நான் எடுத்த அடுக்குல இருந்த அத்தனையையும் அன்னிக்குக் காலையில தட்டிப் பாத்து நல்லதுன்னு தள்ளி வெச்சதே மாயவண்ணன்தான்."