சாய்ந்த வீடு

மழலையர் வகுப்பில் சேர, பாப்பாவை வீட்டிலேயே வரைந்து கொண்டுவரச் சொன்ன படத்தை ஆசிரியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"வீடாம் இது! சுவரு சாஞ்சு விழுது, கதவு கூரையில தொங்குது. பென்சில் பிடிக்கவே வரலை. இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா வேணும் உங்களுக்கு!" என்ற அம்மா, பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். "பாப்பா வரைஞ்சது இதுதான் டீச்சர். இதைக் கொடுத்தா இடம் கிடைக்காதுன்னு இவரே வரைஞ்சாரு. குழந்தை வரைஞ்ச மாதிரி தெரியணுமாம், இடது கையால! ஊருக்கெல்லாம் வீடு கட்டுற என்ஜினீயரு!"

அந்தத் தாளில் வீடு நேராக நின்றது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகூட இருந்தது.

"பாப்பா நாளைக்கே வரட்டும்," என்றார் ஆசிரியை. "சார் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும்."