முப்பதாண்டு அனுபவம்

"இந்த ஆளை இன்னைக்கு விடப்போறதில்ல. ஆபீசுக்கு லேட்டாப் போனாலும் பரவால்ல."

ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, மறு கையின் கட்டைவிரலால் கைபேசியைக் குத்திக்கொண்டிருந்தார் அவர். தட்டில் ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

பிழைப்புக்கு அவர் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. மிச்ச நேரமெல்லாம் இணையத்தில் ஒரு கணக்கு மன்றத்தில் 'துல்லியம்' என்ற பெயரில் குடியிருந்தார். அங்கே யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்பது ஏட்டளவில்தான். வெறுமனே கேள்வி கேட்டவர்களிடம் துல்லியம் வந்து, 'நீங்கள் என்ன முயன்றீர்கள்? முதலில் அதை எழுதவும்' என்று ஒரு வரி போட்டுக் கேள்வியை மூடிவிட்டுப் போய்விடுவார். இதுவரை ஆயிரத்துச் சொச்சம் கேள்விகளை மூடியிருக்கிறார். ஆனால் யாராவது தப்பாகப் பதில் சொல்லிவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தவறைத் திருத்திவிட்டுத்தான் மறு வேலை.

ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது, 'முப்பதாண்டு அனுபவம்' என்ற பெயரில் அங்கே நுழைந்திருந்த ஓர் ஆசாமி.

"இன்னைக்கு என்ன சொல்லிட்டாரு?" என்று மனைவி கேட்டாள். தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் என்பதால், வீட்டில் ஒருவர் குதித்தால் அசர மாட்டாள்.

அவர் வாசித்துக் காட்டினார். இரண்டு காசுகளைச் சுண்டினால் இரண்டிலும் தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று யாரோ கேட்டிருந்தார்கள். வழக்கம்போல அதை மூடத்தான் போனாராம். அதற்குள் ஆசாமி முந்திக்கொண்டுவிட்டார்: 'இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. ஆக மூன்றே வழி. விடை மூன்றில் ஒன்று. இதற்கெல்லாம் புத்தகம் எதற்கு, அனுபவம் போதும். துல்லியம் போன்ற தம்பிகள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.'

"தம்பியாம்" என்றார் அவர். காது மடல் வரை சிவந்திருந்தது.

அந்த ஆளை விட்டுத் தள்ளும்படி மனைவி சொன்னாள். "அந்த நேரத்துல இவளுக்கு நாலு கணக்கு சொல்லிக்குடுக்கலாம். திங்கக்கிழமை பரீட்சை. இந்தத் தடவையும் போச்சுன்னா ஒரு வருஷம் வீட்டுல உட்காரணும்."

மேசையின் மறுகோடியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த மகள் சட்டென்று அதை மூடினாள். போன தேர்வில் அவள் கணக்கில் வாங்கியது இருபத்தாறு.

அப்பா சொல்லிக்கொடுக்காமல் இல்லை. ஒரு தடவை உட்காரத்தான் செய்தார். மூன்றாவது நிமிடத்தில் 'இதுகூடவா தெரியல' என்றார். ஐந்தாவது நிமிடத்தில் 'உனக்கெல்லாம் யாரு பாஸ் போட்டது' என்றார். ஏழாவது நிமிடத்தில் பேனா சுவரில் மோதி விழுந்தது. அன்று அழுதுகொண்டே எழுந்து போனவள், அப்புறம் அவரிடம் கணக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

"அவ மண்டைக்கு ஏறாது. நான்தான் பார்த்துட்டேனே" என்று மகள் எதிரிலேயே சொல்லிவிட்டு அவர் எழுத உட்கார்ந்தார்.

நாற்பத்திரண்டு வரி எழுதினார். ஒரு காசுக்குச் சிவப்பு மையும் இன்னொன்றுக்கு நீல மையும் தடவிப் பார்க்கச் சொன்னார். சிவப்பில் தலையும் நீலத்தில் பூவும் விழுவது ஒரு வழி, சிவப்பில் பூவும் நீலத்தில் தலையும் விழுவது வேறொரு வழி. ஆக வழி நான்கு, விடை நான்கில் ஒன்று. ஆசாமி எந்த இடத்தில் சறுக்கினார், அந்த இடத்தில் கெட்டிக்காரர்களும் ஏன் சறுக்குகிறார்கள் என்பதைக்கூடப் பொறுமையாக விளக்கினார். ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் பேனாவை எறிய முடியாதல்லவா. எண்பது பேர் கைதட்டினார்கள்.

ஆசாமி அடங்குவதாக இல்லை. போகும்போது மணிக்கு நாற்பது, அதே வழியில் திரும்பும்போது அறுபது, ஆகவே சராசரி வேகம் ஐம்பது, 'இது என் பேரனுக்கே தெரியும்' என்று மறுநாளே வந்தார். அதற்கு மறுநாள் வேறொன்று. துல்லியம் தினமும் அவர் தோலை உரித்துக் காயப்போட்டார். அப்படியே திங்கட்கிழமையும் வந்து போயிற்று.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மகள் எண்பத்தேழு வாங்கியிருந்தாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. யார் உதவியும் இல்லாமல் தானே முட்டி மோதினால்தான் கணக்கு வரும் என்று அப்போதே சொன்னேனே என்றார். அப்போது அவர் சொன்னது வேறு. மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி கைபேசியை எடுத்துத் தடவினார். முகம் வாடியிருந்தது.

"மூணு வாரமா அந்த ஆளையே காணோம். மன்றமே வெறிச்சோடிக் கிடக்கு. உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சோ என்னமோ, பாவம்."

"ஒண்ணும் ஆகல" என்றாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்தபடி. "பரீட்சைதான் முடிஞ்சிருச்சே. இனிமே எதுக்கு வரணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெறும் கேள்வியாக் கேட்டா மூடிடுவீங்க. அதான் வேற பேருல கேள்வியையும் நானே கேட்டு, இவ நோட்டுல போட்ட கணக்கையே பதிலா எழுதிப் போட்டேன். தப்பெல்லாம் அவளோடது. திமிரு மட்டும்தான் என்னோடது."