குனிந்து விழுங்குதல்

பக்கவாதம் வந்தபின் நல்லபெருமாளுக்குத் தண்ணீர்கூடப் புரையேறியது. தாடை நெஞ்சைத் தொடக் குனிந்துதான் விழுங்க வேண்டும், விழுங்கியதும் குரல் ஈரமாகக் கரகரத்தால் ஆபத்து என்றார் டாக்டர். ஊட்டுவது மருமகள் வடிவு.

"குனிங்க மாமா." குனிந்தார்.

"ஆ சொல்லுங்க." சொன்னார்.

அவள் நிச்சயதார்த்தப் பந்தியில், பாயசத்தில் இனிப்பு போதவில்லை என்று இலையிலேயே துப்பியவர் இவர். எல்லோரும் எழுந்து கைகழுவும்வரை அவள் அப்பா இவர் எதிரே தலைகுனிந்து நின்றார்.

இன்று ஆஸ்பத்திரியில் மாமனாரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மருந்துச் சீட்டுக்காகத் திரும்பியவளிடம் டாக்டர் சொன்னார்: "தொண்டை சரியாயிடுச்சும்மா. இனிமே குனிய வேணாம், நிமிந்தே சாப்பிடலாம்."

வடிவு வீட்டுக்கு வந்ததும் பாயசம் வைத்தாள். வாசனைக்கு அவர் முகம் தானாக நிமிர்ந்தது.

கரண்டியை அவர் வாயருகே நிறுத்தினாள்.

"குனிங்க மாமா."