வெட்டிவேர் அத்தர்

அவள் புட்டியின் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்குங்க. மல்லி வாசம் ஆளைத் தூக்குது."

அது வெட்டிவேர்.

அவன் சிரித்து வைத்தான்.

மதியம் முழுக்கப் பெரியகடை வீதி அத்தர் கடையில் நின்றிருந்தான். கடைக்காரர் அத்தரில் தோய்த்து நீட்டிய குச்சிகளை முகர்ந்து முகர்ந்து தலைவலியே வந்துவிட்டது. ரோஜா வேண்டாம் என்றான். சந்தனமும் வேண்டாம். கல்யாணமான புதிதில் அவள் புடவை மடிப்புகளுக்கு நடுவே வெட்டிவேர் போட்டு வைப்பாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மழை பெய்து ஓய்ந்த மண்போல இருக்கும். அதை நினைத்து நினைத்து, யாரையும் கேட்காமல், அவனாக வாங்கிய முதல் பரிசு. பஸ்ஸில் சட்டைப்பையைப் பொத்திப் பிடித்தபடியே வந்தான்.

மல்லியாம்.

அவள் புட்டியைப் பீரோவில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் டிவியைப் போட்டு சத்தத்தைக் கூட்டினான். சரியாக முகர்ந்துகூடப் பார்க்காதவளுக்கு என்னத்தை வாங்கி என்ன.

அடிப்பிடித்த வாடை வந்தது.

"அடுப்புல என்னமோ தீயுது பாரு!"

டிவி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லைபோல. எழுந்து போனான்.

அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடிய பாத்திரத்துக்குள் பருப்பு கருகிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்தவனுக்கே தொண்டை கமறியது. கையெட்டும் தூரத்தில் இருந்தவள் நிதானமாகத் துருவிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து அடுப்பை அணைத்தான்.

அவள் திரும்பினாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை. கை நின்றுவிட்டது.

பால் கெட்டுப்போச்சான்னு பாருங்க என்று தினமும் அவனிடமே ஏன் நீட்டுகிறாள். படுக்கப் போகுமுன் எதற்காகத் திரும்பத் திரும்ப வந்து சிலிண்டரைத் திருகிப் பார்க்கிறாள்.

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சுங்களே, ரெண்டு பேரும் படுத்துக் கெடந்தமே. உங்களுக்கு வாசம் திரும்பத் தெரிய வந்துருச்சு. எனக்கு வரலைங்க."

வருடக்கணக்கு ஆகிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல கண்ணு?"

அவள் தேங்காய் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னனுங்க."

அவனுக்கு நினைவில்லை.

"நீங்க செல்லுல என்னமோ பாத்துட்டிருந்தீங்க. செரி செரின்னீங்க."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவன் நிமிர முடியாமல் நின்றான். சுட்ட பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தான். கருகல் விடவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினான்.

அவள் எழுந்து பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க."

"ம்" என்றான். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. குழாயை மூடிவிட்டுத் திரும்பினான்.

"சொல்லு."

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கமாட்டீங்களே?" புடவைத் தலைப்பை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "எம்மேல வாடை எதாச்சும் அடிக்குதுங்களா? எனக்குத் தெரிய மாட்டேங்குது. யாருகிட்டக் கேக்கறதுன்னும் தெரியலைங்க."

மூன்று வேளை குளிக்கிறாள் என்று மைத்துனன் வீட்டில் எல்லோர் முன்னாலும் கேலி செய்திருக்கிறான். அவளும் சேர்ந்து சிரித்தாள். கட்டிலின் ஓரத்துக்கு அவள் தள்ளிப் படுக்கத் தொடங்கியதை, வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான். அவள் தோளைத் தொட்டான். அவள் கூசிப் பின்வாங்கினாள். அப்புறம் நின்றாள்.

குனிந்து அவள் கழுத்தருகே மூச்சை இழுத்தான்.

"மறைக்காமச் சொல்லுங்க."

"இரு கண்ணு" என்றான். அவசரப்படாமல் இன்னொரு முறை முகர்ந்தான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.