குளியலறைச் செடி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த வெளிநாட்டு நகரத்தில், பல்லரோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு என் மருமகன் நிமலனை அடிக்கிறேன். இந்தக் கட்டடம் முழுவதும் எங்கள் ஊர்ச் சனங்கள். சத்தம் வெளியே போய் மானம் கெடக் கூடாது என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஆவி கண்ணாடியை மூடுகிறது. ஈரம் காயாமலிருக்க அவன் பொலித்தீன் கட்டி வளர்த்த செடி, அகன்ற இலைகளில் நீர் சொட்ட, செழிப்பாக நிற்கிறது. பூசைக்கு உகந்த ஒருவகைப் பச்சிலை என்று அவன் சொன்னதை நம்பி, வெள்ளிதோறும் அதன் இலையைப் பிள்ளையார் படத்துக்குச் சாத்தியவன் நான். இன்று காலை சந்தையில் மீன் விற்கும் விதுரன் நாலு பேர் முன்னால் சிரித்தான்: "ஐயா, அது வெறி ஏத்திற இலை. பிள்ளையாருக்கும் ஏறியிருக்கும்!"

"மாமா, என்னை அடியுங்கோ. செடியை விடுங்கோ, தண்டு முறிஞ்சா செத்துப்போம்."

"முதல்ல உன்ரை எலும்பை முறிக்கிறன். கத்தாதை," என்கிறேன் தணிந்த குரலில். செடியை வேரோடு பிடுங்கி அவன் முகத்தில் விளாசுகிறேன். நாற்கோணத் தண்டு சட்டென்று ஒடிகிறது. மூக்கிலிருந்து வழியும் இரத்தம் வெள்ளைத் தரையில் மண்ணோடு குழைகிறது. செடி நின்ற மண்சட்டியை இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்குகிறேன். அதுவரை கதவைத் தட்டிக்கொண்டிருந்த என் மகள் துசானி தட்டுவதை நிறுத்துகிறாள். வீட்டு வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

"எல்லாரும் ஓடி வாங்கோ! அப்பா இவரைக் கொல்லுறார்!"

படிகளில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது. நான் சட்டியை மெதுவாகக் கீழே வைக்கிறேன். துவாயை எடுத்து, மருமகனின் மூக்கைத் துடைக்கத் தொடங்குகிறேன்.